வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த கொம்பன்

விஸ்கான்சினில், எங்கள் ஊர்ப்பக்கம், நவம்பரில் மான் வேட்டைக்கான துப்பாக்கி சீசன் தொடங்கும் சனிக்கிழமையன்று ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தால், ஒன்று அவளுக்குக் காய்ச்சல் என்பார்கள், இல்லை புத்தி பிசகிவிட்டது என்பார்கள். எனக்குக் காய்ச்சல் இல்லை. காற்று தெற்கிலிருந்து அடித்தது, அதனால் நான் போகவில்லை. இந்த ஒரு வரியை இந்த ஊருக்குப் புரியவைக்க என் அறுபத்தோரு வயதில் பாதி போய்விட்டது.

பின்வாசல் வழியாகத் தம்பி வெர்லின் வந்தான். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன். ஒரு அபராதச் சீட்டு வாங்கியதில்லை, சிவப்பு விளக்கில் ஒரு தடவை அவசரப்பட்டதில்லை. காலியான ரோட்டில்கூட சிக்னல் போட்டுத்தான் திரும்புவான்.

“என்னக்கா, இன்னும் வீட்டுச் செருப்போடயே இருக்க?”

“காத்து சரியில்ல.”

“ஊரே காட்டுல இருக்கு. நம்ம பாதிரியார்கூட போயிட்டாரு. நீ ஒருத்திதான் ஜன்னல் வழியா காத்து பாத்துட்டு உக்காந்திருக்க.”

“பாதிரியார் போகட்டும். நான் இந்தக் காத்துல போனா அவன் என்னை மோப்பம் புடிச்சிடுவான். அப்புறம் அடுத்த வருஷம்தான்.”

“அடுத்த வருஷம்னு ஒண்ணு உனக்கு இல்லக்கா. பேசினது பேசினதுதான்.”

பேசினது என்னவென்றால் இது. அப்பா எங்கள் இருவர் பேரிலும் இருபது ஏக்கர் விட்டுவிட்டுப் போனார். தெற்கே ரோடும் என் வீடும். மற்ற மூன்று பக்கமும் ஒரு வேட்டை கிளப்பின் நிலம். அறுநூறு ஏக்கரை வளைத்துப்போட்டு, பெரிய பெரிய ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்குத் தங்கும் விடுதி, சமையல், வழிகாட்டி எல்லாம் வைத்து நடத்துகிறார்கள். அதற்கு மேனேஜர் கெஸ்னர் என்று ஒருவன். அவனுக்கு எங்கள் இருபது ஏக்கரும் குத்தகைக்கு வேண்டும். வெர்லின் கொடுத்துவிடலாம் என்றான். அவன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, முட்டி தேய்ந்துவிட்டது, அவனுக்கு வேட்டையில் நாட்டமும் இல்லை. நான் முடியாது என்றேன். கோடை முழுக்க இதே சண்டை. கடைசியில் அவன்தான் சொன்னான்: “இந்த சீசன் உனக்கு. அந்தக் கிழட்டுக் கொம்பனை நம்ம நிலத்துல நீ அடிச்சிட்டா நான் குத்தகைன்னு வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா நீ கையெழுத்துப் போடற.” நானும் கை குலுக்கினேன். எங்கள் குடும்பத்தில் கை குலுக்கினால் அவ்வளவுதான், பேச்சு மாறுவதில்லை.

கொம்பன் என்று நான் சொல்வது ஒரு வெள்ளைவால் மானை. ஆறு வயதுக்குக் குறையாது. வயிறு தொங்கி, கழுத்து தடித்து, ஒரு காது கிழிந்து, ரவுடி மாதிரி இருப்பான். கிளப்பில் அவனுக்கு ‘செனட்டர்’ என்று பேர் வைத்திருந்தார்கள். மரத்துக்கு மரம் கேமரா கட்டி அவனைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள், எல்லாம் இருட்டில் எடுத்தவை. பகல் வெளிச்சத்தில் அவர்களில் ஒருவன்கூட அவனைக் கண்டதில்லை. மூன்று வருஷமாக அத்தனை பேர் கண்ணிலும் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் பிடிக்கும் என்பதை ஒளித்துப் பேச வேண்டிய அவசியம் எனக்கில்லை.

செப்டம்பரில் பெட்ரோல் பங்கில் கெஸ்னர் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“மேடம், உங்க இடம் அவனுக்கு வெறும் நடைபாதை. தூங்கறது, திங்கறது எல்லாம் எங்ககிட்டதான். இருபது ஏக்கர்ல பெரிய மான அடிக்க முடியாது. குளியல் தொட்டில திமிங்கிலம் புடிக்கற கத அது.”

“அப்ப அந்தத் தொட்டி மேல உனக்கு ஏம்பா இவ்வளவு ஆசை?”

அவன் சிரித்தான். நான் விடவில்லை. எங்கள் பக்கம் சீசனுக்கு முன்னால் அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் வேலியருகே ஒரு வார்த்தை பேசிக்கொள்வது வழக்கம். உன் மான் என் பக்கம் விழுந்தால் நீ வந்து எடுத்துக்கொள், என் மான் உன் பக்கம் விழுந்தால் நான் வருவேன். அப்பா காலத்தில் இதற்கெல்லாம் யாரும் யோசித்ததே இல்லை. ஆனால் சட்டம் வேறு. நிலக்காரன் வேண்டாம் என்றால் அடிபட்ட மானின் பின்னால்கூட ஒரு அடி வைக்க முடியாது. அதனால் கேட்டேன்.

“பாக்கலாம் மேடம், பாக்கலாம்,” என்றான் கெஸ்னர். கையை மட்டும் நீட்டவில்லை.

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. அதுதான் என் வித்தை. நிலத்தின் வடமேற்கு மூலையில் இளமரங்களைப் பாதி வெட்டி, உயிர் போகாமல் சாய்த்துவிட்டு, முள்ளும் கொடியும் அதன் மேல் படர விட்டேன். அதோடு சரி. அந்த மூலைக்குள் நான் காலே வைப்பதில்லை. காளான் பறிக்க இல்லை, விறகு பொறுக்க இல்லை, உதிர்ந்த கொம்பு தேட இல்லை, ஒரு கேமரா கட்டக்கூட இல்லை. என் சொந்த நிலத்தில் பாதி எனக்கே தடை. கிளப்காரர்கள் அறுநூறு ஏக்கரிலும் நாலு சக்கர வண்டியை உறுமவிட்டு, வாரா வாரம் கேமராவைப் பார்க்கப் போய், தங்கள் வாடையைத் தடவிவிட்டு வருவார்கள். கொம்பன் என்ன முட்டாளா? அந்த வட்டாரத்திலேயே மனுஷ வாடை இல்லாத ஒரே புதர் என்னுடையதுதான். படுக்க வேறெங்கே போவான்?

நான் உட்காரும் பரண் எதிர் மூலையில், ஓடைக் கரையில், கிழக்கு வேலியை ஒட்டி. வடமேற்குக் காற்று அடித்தால் மட்டும் அவன் வாடை என் பக்கம் வரும், என் வாடை அவன் பக்கம் போகாது. வேறு எந்தக் காற்றிலும் அங்கே ஏறினால் அவனுக்குத் தந்தி அடித்த மாதிரிதான். துப்பாக்கிக்கு முன்னால் வரும் வில் அம்பு சீசன் முழுக்க இரண்டே நாள் போனேன். சீஸ் தொழிற்சாலையில் என்னோடு பொட்டலம் கட்டுகிறவர்கள், “ஆர்லிஸ், பரண் சௌக்கியமா, உன்னை விசாரிச்சுதாம்,” என்று கிண்டல் பண்ணினார்கள். பண்ணட்டும்.

சனி தெற்குக் காற்று. ஞாயிறு தெற்கு. அதற்கப்புறம் காற்றே இல்லாமல் மந்தமாக இருந்தது, காற்றில்லாத நாள் அதைவிட மோசம். கிளப் பக்கம் டுமீல் டுமீல் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும், அவனாக இருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். அவன் போனால் நிலமும் போச்சே என்பது இன்னொரு பக்கம்.

வியாழக்கிழமை தேங்ஸ்கிவிங், ஊரே குடும்பத்தோடு கூடிச் சாப்பிடும் பண்டிகை. வெர்லின்தான் எங்கள் வீட்டில் வான்கோழியை அடுப்பில் வைத்துச் சமைப்பான், நன்றாகவும் சமைப்பான். காலையில் கதவைத் திறந்தால் வடமேற்குக் காற்று முகத்தில் அறைந்தது. மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்கான ஆரஞ்சு மேலங்கியை மாட்டினேன்.

“எங்கக்கா கெளம்பிட்ட? மத்தியானம் சாப்பாடு.”

“எனக்கு எடுத்து வை.”

“போறதுதான் போற, விடியக் காலையில போயிருக்கலாமே. மணி பத்தரை ஆவுது. இப்ப எந்த மான் நடக்கும்?”

“கிளப்காரங்க மத்தியானம் விடுதிக்கு சாப்பிடப் போவாங்க. அத்தன வண்டியும் ஒரே நேரத்துல கெளம்பும். அந்தச் சத்தம் அடங்கினா அவன் எழுந்திருப்பான். மூணு வருஷமா அவனுக்கு அதான் மணி.”

“நீயும் அவனும் கல்யாணமே பண்ணிக்கலாம்,” என்று சொல்லிவிட்டு வெர்லின் அடுப்பைத் திறந்து பார்த்தான்.

ரப்பர் பூட்ஸ் போட்டு ஓடைத் தண்ணீரிலேயே நடந்து போனேன், தண்ணீரில் வாடை தங்காது. பரணில் ஏறி உட்கார்ந்தேன். குளிரில் மூக்கு ஒழுகியது, துடைக்கக் கையை அசைக்கவில்லை. நடுப்பகலுக்கு வேலிக்கு அப்பால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு விடுதிப் பக்கம் போயின. அங்கே தேங்ஸ்கிவிங் விருந்து அல்லவா, ஒருவன்கூட மிச்சம் இல்லை. காடு வாயை மூடிக்கொண்டது.

அவன் வந்தான். முள்ளுக்குள்ளிருந்து தலை மட்டும் முதலில், பிறகு நிறுத்தம். இவ்வளவு நேரம் ஒரு மிருகம் அசையாமல் நிற்குமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அப்புறம் பகல் வெளிச்சத்தில், சொந்த வீட்டு முற்றத்தில் நடக்கிற மாதிரி, ஓடையைப் பார்த்து நடந்து வந்தான். அவன் பக்கவாட்டில் திரும்பியதும் சுட்டேன்.

நல்ல அடி, முன்னங்காலுக்குப் பின்னால். எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நெஞ்சில் வாங்கிய மானும் கொஞ்ச தூரம் ஓடாமல் விழாது. இருபது ஏக்கரில் கொஞ்ச தூரம் என்பது அடுத்தவன் நிலம். ஓடையைத் தாண்டினான், கிழக்கு வேலியை ஒரே தாவாகத் தாவினான், கல்லெறி தூரத்தில் முழங்கால் மடங்கி விழுந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

நான் இறங்கி வேலியருகே போய் நின்றேன். என் பக்கத்துப் பனியில் ரத்தம், கம்பியில் ரத்தம், அந்தப் பக்கம் அவன். வெர்லினுக்கும் வனக் காவலருக்கும் போன் போட்டேன். முறைப்படி நடக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் முதலில் வந்தவன் கெஸ்னர். வேலியோரம் புதிதாகக் கட்டிய கேமரா அவன் கைபேசிக்கே படம் அனுப்பிவிட்டதாம், வாயில் மென்றுகொண்டே வண்டியில் வந்து இறங்கினான்.

“அடேங்கப்பா, நல்ல அடி மேடம். ஆனா பாருங்க, எங்க பக்கம் விழுந்துட்டானே.”

“என் பக்கம் நின்னப்ப அடிச்சது. ரத்தத்தைப் பாரு. எடுத்துட்டுப் போயிடறேன், அனுமதி குடு.”

“குடுக்கலாமே. குத்தகைக்கு சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க பசங்களே தூக்கிட்டு வந்து உங்க வாசல்ல போடுவாங்க. கொம்பு உங்களுக்கு, கறி உங்களுக்கு, போட்டோ எடுத்துக்குங்க. நிலம் மட்டும் எங்களுக்கு.”

எனக்குக் காது சூடானது. “அந்த வார்த்தைய என் வாயிலருந்து வாங்கணும்னா நான் சாகற வரைக்கும் நீ காத்துட்டிருக்கணும். செத்தப்புறமும் சொல்ல மாட்டேன்.”

“அப்ப அவன் அங்கயே கெடக்கட்டும்.”

அதற்குள் வெர்லின் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். ஆரஞ்சு மேலங்கிக்குக் கீழே சமையல் ஏப்ரன் தொங்கியது, கையில் கரண்டி. கரண்டியை ஏன் கொண்டுவந்தான் என்று அவனுக்கே தெரியாது. மானைப் பார்த்தான், வாயைப் பிளந்தான்.

“அடிச்சிட்டியாக்கா,” என்றான் மெதுவாக.

பின்னாலேயே வனக் காவலர் வந்தாள். பிரிட்டா என்று பேர், இளம் பெண், எங்கள் ஊர்ப் பெண்தான். பன்னிரண்டு வருஷம் வெர்லின் ஓட்டிய பஸ்ஸில் போய்ப் படித்தவள். ரத்தத்தைப் பார்த்தாள், என் உரிமத்தைப் பார்த்தாள், வேலிக்கு அந்தப் பக்கம் போய் கெஸ்னரோடு பேசினாள். திரும்பி வரும்போதே முகம் சரியில்லை.

“அடிச்சது நீங்கதான் மேடம், அதுல சந்தேகமே இல்ல. அவங்க யாரும் அதைத் தொடக் கூடாது. ஆனா அவர் விடமாட்டேங்கறார். அவர் நிலம். நான் கட்டாயப்படுத்த முடியாது.”

“அப்ப அது யாருக்கும் இல்லையா?”

“அவர் மனசு மாறலன்னா, யாருக்கும் இல்ல.”

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வருவது அல்ல, கோபத்தில் வருகிற அழுகை. என் சொந்தக் கையால் கொன்றவன் எட்டும் தூரத்தில் கிடக்கிறான், குடலை எடுக்காவிட்டால் கறி கெட ஆரம்பித்துவிடும், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டு வேலியில் கால் வைத்தேன்.

வெர்லின் என் மேலங்கியைப் பிடித்து இழுத்தான். “அக்கா, லைசென்ஸ் போயிடும். வேட்டைக்கே போக முடியாது அப்புறம். யோசி.”

“யோசிச்சாச்சு. விடு.”

“மேடம், நீங்க தாண்டினா நான் எழுதித்தான் ஆகணும்,” என்றாள் பிரிட்டா.

கெஸ்னர் மார்பில் கை கட்டிக்கொண்டு வெர்லினைப் பார்த்துப் பேசினான், என்னைப் பார்த்து அல்ல. “வெர்லின் சார், நீங்க நம்ம ஆளு. நெலவரம் புரிஞ்சவரு. நீங்களே சொல்லுங்க உங்க அக்காவுக்கு. நீங்க எங்கிட்ட சொன்ன அந்தப் பேச்சுப்படி பாத்தாலும் உங்க நிலத்துல மான் விழலையே. வீணா வீம்பு எதுக்கு?”

வெர்லின் என்னைப் பார்க்கவில்லை, மானைப் பார்த்தான். “அவ கையெழுத்துப் போடலன்னா, அந்தக் கறி என்னாவும்?”

“என்னாவும்? நரி திங்கும். காக்கா திங்கும். எங்களுக்குக் கறியா பஞ்சம்? விடுதில மலை மாதிரி இருக்கு.”

இந்த வார்த்தையை இன்னொரு ஊரில் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எங்கள் ஊரில் நிலத்தைப் பிடுங்கியவனோடுகூடப் பத்து வருஷம் கழித்துப் பேசுவார்கள். அடித்த மானை அழுக விட்டவனோடு பேச மாட்டார்கள். எங்கள் அப்பா சம்பளமில்லாத ஒரு குளிர்காலம் முழுக்க எங்களை மான் கறியிலேயே வளர்த்தவர். வெர்லினின் கழுத்து மெல்ல மெல்லச் சிவப்பதைப் பார்த்தேன். அவன் பஸ்ஸில் எந்தப் பிள்ளை எது செய்தாலும் அப்படிச் சிவந்து நான் கண்டதில்லை.

கரண்டியை என் கையில் கொடுத்தான். “புடி,” என்றான்.

“டேய், என்ன பண்ற?”

“நான் வேட்டக்காரன் இல்லக்கா. எங்கிட்டப் புடுங்க லைசென்ஸ் இல்ல.”

“பஸ் வேல இருக்குடா உனக்கு.”

அவன் கேட்கவில்லை. பருத்த உடம்பு, தேய்ந்த முட்டி, இடது காலைத் தூக்கி மேல் கம்பியில் போட்டான். ஏப்ரன் முள்ளில் மாட்டிக்கொண்டது. வேலி மேல் குதிரை ஏறினவன் மாதிரி நடுவில் உட்கார்ந்துவிட்டான், அந்தப் பக்கமும் போக முடியவில்லை, இந்தப் பக்கமும் வர முடியவில்லை.

“வெர்லின் சார், இது அத்துமீறல்,” என்றான் கெஸ்னர். “குத்தகையை மறந்துடுங்க, பஸ் வேலையையும் மறந்துடுங்க. நானே ஸ்கூலுக்குப் போன் பண்றேன்.”

“பண்ணுங்க. நம்பர் வேணுமா?” என்றான் என் தம்பி, கால்சட்டையைக் கம்பியிலிருந்து விடுவித்துக்கொண்டே. துணி கிழியும் சத்தம் கேட்டது. தொப்பென்று அந்தப் பக்கம் விழுந்து, எழுந்து, பனியைத் தட்டாமல் நேராக மானிடம் நடந்தான். கெஸ்னர் குறுக்கே வந்தான். வெர்லின் நிற்கவில்லை, கெஸ்னர்தான் நகர வேண்டியதாயிற்று.

இரண்டு கொம்பையும் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான். நகரவில்லை. முனகிக்கொண்டே மறுபடி இழுத்தான். ஒரு சாண், இன்னொரு சாண். நடுவில் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை, “போதும்டா, வந்துடு,” என்றேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான், எழுந்தான், இழுத்தான். பிரிட்டா முதுகைத் திருப்பிக்கொண்டு ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலியருகே வந்ததும் நான் கீழ்க்கம்பியைப் பூட்ஸால் மிதித்து, கம்பிகளுக்கு நடுவே கைவிட்டுக் கொம்பைப் பிடித்தேன். அவன் தள்ள, நான் இழுக்க, கொம்பன் எங்கள் நிலத்துக்குள் வந்தான்.

வெர்லின் அந்தப் பக்கமே நின்றான். தாண்டி ஓடிவர முயற்சி பண்ணவில்லை. பிரிட்டா சுற்றிக்கொண்டு போய் அவன் எதிரில் நின்று சீட்டுக் கட்டை எடுத்தாள்.

“பேரு சொல்லுங்க அங்கிள்.”

“உனக்குத் தெரியாதாம்மா?”

“கேக்கணும். சட்டம்.”

“வெர்லின் பிரெக்கே.”

எழுதினாள். “மானுக்கு ஒண்ணும் இல்ல, அது மேடத்தோடது. இது அத்துமீறினதுக்கு மட்டும். தொழில்?”

வெர்லின் கெஸ்னரைப் பார்த்தான். கிழிந்த கால்சட்டை, வேர்த்த முகம், ஏப்ரன் முழுக்க ரத்தம். இத்தனை வருஷத்தில் அவன் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

“பஸ் ஓட்டறேன். நிலம் இருக்கு, அதோ, அந்த இருபது ஏக்கர். அதையும் எழுது.”

“அதுக்கு இதுல இடம் இல்ல அங்கிள்.”

“ஓரத்துல எழுதும்மா.”

அவள் கெஸ்னரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சீட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டு எழுதினாள்.